'மந்தம்' எனப் பெயர் பெற்ற பிள்ளைகள்

வகுப்பறையில் தூங்கி விழும் பிள்ளைக்கு நம் ஊரில் பெயர்கள் பல. சோம்பேறி, மந்தம், மண்டு, கும்பகர்ணன் என்று எந்தப் பெயரை வேண்டுமானாலும் சூட்டுவோம். பாடத்தில் பின்தங்கினால் அதற்கும் அதே பெயர்கள்தாம். பள்ளியில் ஆசிரியர் கண்டிப்பார். வீட்டில் பெற்றோர் அடிப்பர். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் அந்தப் பிள்ளை பின்வரிசைக்குப் போய்ச் சேரும். ஆனால், அந்தப் பிள்ளை இரவில் எப்படி உறங்குகிறது என்று எவரும் கேட்பதில்லை. வாயைத் திறந்தபடி, குறட்டை விட்டுக்கொண்டு, பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டு, நள்ளிரவில் வியர்த்து எழும் பிள்ளையைப் பார்த்து, 'அசந்து தூங்குகிறான்' என்று மகிழ்ந்துபோகும் வீடுகளும் உண்டு.

இரவின் குறட்டைக்கும் பகலின் மந்தத்திற்கும் தொடர்பு உண்டு என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. எனினும் அது ஒரே நாளில் தெளிவான செய்தியன்று. ஏறத்தாழ 150 ஆண்டுகளாகக் கண்டும், மறந்தும், மிகைப்படுத்தியும், மீண்டும் கண்டும் வந்த செய்தி. பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் போதிக்கும் பொறுப்பும் உடைய நாம் அந்த வரலாற்றை அறிந்திருப்பது நலம்.

பழிக்கப்பட்ட உறக்கம்

உறக்கத்தைக் குற்றமாகக் காணும் வழக்கம் நமக்குப் பழையது. மடியின்மை அதிகாரத்தில், 605ஆம் குறளில், கெட்டழியும் இயல்புடையோர் விரும்பி ஏறும் நான்கு மரக்கலங்களைக் கூறும் வள்ளுவர், காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு உறக்கத்தையும் சேர்த்தே எண்ணுகிறார். அவர் கண்டிப்பது கடமையை மறந்து விரும்பித் துயில்பவரை. மூச்சுத் திணறலால் இரவெல்லாம் உறக்கம் கெட்ட ஆறு வயதுப் பிள்ளையை அவர் கண்டிக்கவில்லை. ஆனால், அந்த வேறுபாட்டை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

குறட்டையைப் பற்றியும் நமக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. இராமாயணத்துக் கும்பகர்ணனின் மூச்சுக்காற்று, அவனை எழுப்ப வந்த அரக்கர்களையே தள்ளாடச் செய்தது. அந்தக் காட்சி நம் மனத்தில் பதிந்ததாலோ என்னவோ, குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவே கொள்கிறோம். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. குறட்டை என்பது குறுகிய வழியில் காற்று நுழையப் போராடும் ஓசை.

விவிலியத்தில் ஓர் இளைஞனின் உறக்கம் பற்றிய நிகழ்ச்சி உண்டு. திருத்தூதர் பணிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தில், துரோவா நகரில் பவுல் நள்ளிரவு வரை உரையாற்றுகிறார். விளக்குகள் பல எரியும் மேல்மாடியில், பலகணியில் அமர்ந்திருந்த யூத்திகு உறங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். போதனையின்போது உறங்கியதற்காகப் பவுல் அவனைக் கடிந்துகொண்டதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. அவர் கீழே இறங்கிச் சென்று அவனை அணைத்துக்கொள்கிறார். உறங்கிப்போன பிள்ளையை எப்படி அணுகுவது என்பதற்கு இதைவிடப் பழைய பாடம் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

மூக்கின் பின்னே கண்ட சதை

மருத்துவ வரலாறு டென்மார்க்கில் தொடங்குகிறது. கோபன்ஹேகன் நகர மருத்துவர் வில்லெம் மேயர், 1868ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். காது மந்தமும் தெளிவற்ற பேச்சும் உடைய ஓர் இளம்பெண்ணைச் சோதித்தபோது, மூக்கின் பின்புறம், தொண்டையின் மேற்பகுதியில், மென்மையான சதை வளர்ந்து காற்றுவழியை அடைத்திருப்பதைத் தம் விரலாலேயே தடவி அறிந்தார். பின்னர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் சோதித்து, பலரிடம் இதே வளர்ச்சியைக் கண்டார். இன்று அடினாய்டு என்று வழங்கும் சதை இதுவே. வாயால் மூச்சு விடுதல், திறந்த வாய், சோர்ந்த முகம் ஆகிய அடையாளங்களையும் அவர் குறித்துவைத்தார். அவர் 1895இல் மறைந்தபின், 1898இல் கோபன்ஹேகனில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

மேயர் காட்டிய வழியில் அடுத்த அடி எடுத்து வைத்தவர் ஆம்ஸ்டர்டாம் நகர மருத்துவர் கையே. மூக்கடைப்புடைய பிள்ளைகளால் ஒரு பொருளில் மனத்தை ஊன்ற முடியாமற்போவதை 1880களின் பிற்பகுதியில் அவர் விளக்கி, கவனமின்மை எனப் பொருள்படும் 'அப்ரொசெக்ஸியா' என்ற கிரேக்கப் பெயரை அதற்கு இட்டார். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹில், பிள்ளைகளிடம் காணும் பின்தங்கலுக்கும் மந்தத்திற்கும் உரிய சில காரணங்கள் என்ற தலைப்பில், 1889இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். அறிவுக்குறைவு என்று ஆசிரியர் கருதும் பிள்ளைகளுள் சிலருக்குக் குறை மூளையில் இல்லை, மூச்சுவழியில்தான் உள்ளது என்பது அவர் கருத்து.

மூன்றாண்டுகள் கழித்து, 1892இல், மருத்துவ மேதை வில்லியம் ஆஸ்லர் தம் புகழ்பெற்ற பாடநூலில் இந்தப் பிள்ளைகளைப் படம்பிடித்துக் காட்டினார். டான்சில் பெருத்த பிள்ளை இரவில் அமைதியின்றி உறங்குவதையும், உரத்த ஓசையோடு மூச்சு விடுவதையும், இடையில் மூச்சு சற்று நின்று பின் பெருமூச்சாக வெளிப்படுவதையும் அவர் எழுதினார். பகலில் முகம் மந்தமாய்த் தோன்றும், கேட்டதற்கு மெதுவாக விடை வரும், தலைவலி, சோர்வு, கவனமின்மை காணும் என்றும் குறித்தார். இன்றைய மருத்துவ நூல்கள் கூறும் அடையாளங்களில் பெரும்பகுதியை, கருவிகள் ஏதுமற்ற காலத்தில், கண்ணாலும் காதாலும் மட்டுமே அவர் கண்டறிந்திருக்கிறார் என்பது வியப்பிற்குரியது.

கத்தி ஆண்ட காலம்

கண்ட உண்மையை அளவோடு கையாள்வது மனிதருக்கு எளிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், மேலைநாடுகளில் டான்சிலை அறுத்தெடுப்பது ஏறக்குறைய ஒரு சடங்காகவே மாறியது. அடிக்கடி சளி பிடித்தால் அறுவை, மெலிந்தால் அறுவை, படிக்காவிட்டால் அறுவை என்னும் நிலை ஏற்பட்டது.

இந்தப் போக்கை வெட்டவெளிச்சமாக்கிய ஆய்வு ஒன்று நியூயார்க்கில் 1934இல் வெளியாயிற்று. பதினோரு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்கள் சோதித்து, 174 பேருக்கு அறுவை தேவை என்றனர். தேவையில்லை எனப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது, அவர்கள் 99 பேரைத் தேர்ந்தெடுத்தனர். மீதமிருந்த 116 பேரை மூன்றாம் குழுவினர் பார்த்து 51 பேருக்கு அறுவை வேண்டும் என்றனர். முடிவில், அறுவை சொல்லப்படாமல் தப்பியவர்கள் 65 பிள்ளைகளே! ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதிப்பேர் என்ற கணக்கு, நோயைப் பார்த்து வந்ததா, மருத்துவரின் பழக்கத்திலிருந்து வந்ததா?

இங்கிலாந்தில் அலிசன் குளோவர் என்ற மருத்துவர், பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யப்படும் டான்சில் அறுவை ஊருக்கு ஊர் காரணமின்றி வேறுபடுவதை 1938இல் எடுத்துக்காட்டினார். 1940களில் பென்சிலின் போன்ற மருந்துகள் வந்தன. அறுவை படிப்படியாகக் குறைந்தது. ஆனால் கத்தியோடு சேர்த்து, ஹில்லும் ஆஸ்லரும் கூறிய செய்தியையும் மருத்துவ உலகம் ஏறக்குறைய மறந்துபோனது. தொண்டையைப் பார்த்தார்கள், காய்ச்சலை எண்ணினார்கள். உறக்கத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இரவை அளந்தவர்கள்

மறந்ததை மீட்டுத் தந்தது உறக்கத்தையே அளக்கக் கற்ற ஒரு தலைமுறை. ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்கும் மனிதரின் கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைவதை 1953இல் அறிவித்தனர். உறக்கம் வெறும் ஓய்வன்று, பல நிலைகளைக் கொண்ட உழைப்பு என்பது தெளிவாயிற்று. 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும், பெரியவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டளவில், பெருத்த டான்சிலும் அடினாய்டும் காற்றுவழியை அடைப்பதால் சில பிள்ளைகளின் இதயமே பாதிக்கப்படுவதை மருத்துவர்கள் எழுதினர்.

பின்னர் 1976இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய கில்லெமினோ என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், உறக்கத்தில் மூச்சு நிற்கும் எட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். ஆஸ்லர் கண்ணால் கண்டதை இவர்கள் கருவியால் கண்டார்கள்.

படிப்போடு உள்ள தொடர்பை நேரடியாக ஆராய்ந்தவர் டேவிட் கோசல். 1998இல் வெளியான அவருடைய ஆய்வு, முதல் வகுப்பில் மிகவும் பின்தங்கிய 297 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அவர்களுள் 54 பேருக்கு உறக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது; அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. அவர்களில் 24 பேருக்கு டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்டன. அடுத்த கல்வியாண்டில் அந்த 24 பேரின் மதிப்பெண்கள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன. சிகிச்சை பெறாதோரின் நிலையில் பெரிய மாற்றம் இல்லை.

இதைப் படித்தவுடன் மீண்டும் கத்தியைத் தேடி ஓடிவிடக் கூடாது. 2013இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள 464 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை செய்தது. மற்றவரைக் காத்திருக்கச் செய்து கவனித்தது. ஏழு மாதங்கள் கழிந்தபின் கவனத்தை அளக்கும் தேர்வில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், அறுவை பெற்ற பிள்ளைகளின் நடத்தையும் உறக்கமும் அன்றாட வாழ்வும் தெளிவாக மேம்பட்டன. காத்திருந்தவர்களிலும் 100க்கு 46 பேருக்கு மூச்சுக் கோளாறு தானாகவே சீரடைந்தது. எனவே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதே இந்த ஆய்வுகள் தரும் நிதானம்.

உள்ளே நடப்பது என்ன?

இரண்டு வயது முதல் எட்டு வயது வரை, தொண்டையின் அளவோடு ஒப்பிட்டால் டான்சிலும் அடினாய்டும் பெரியவையாய் இருக்கும் காலம். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது, ஏற்கெனவே குறுகிய வழி மேலும் குறுகுகிறது. சில பிள்ளைகளுக்கு அது அவ்வப்போது அடைபட்டே போகிறது. குருதியில் உயிர்வளி குறையத் தொடங்கியதும் மூளை விழித்துத் தசைகளை உசுப்புகிறது. பிள்ளை ஒரு திணறலோடு மூச்சை இழுத்து, மீண்டும் உறங்குகிறது. அது முழு விழிப்பன்று. காலையில் பிள்ளைக்கு நினைவும் இராது. ஆனால் இப்படி இரவு முழுவதும் பலமுறை நிகழ்ந்தால், கற்றதை நினைவில் பதிக்கவும் உடலை வளர்க்கவும் தேவையான ஆழ்ந்த உறக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உறக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். பிள்ளையோ பல வேளைகளில் அதற்கு மாறாக நடந்துகொள்ளும். ஓரிடத்தில் உட்காராது; எரிச்சல் கொள்ளும்; சண்டையிடும்; எதையும் முடிக்காமல் விட்டுவிடும். ஆகவே 'மந்தம்' என்னும் பெயர் பெறும் பிள்ளைக்கும், 'அடங்காப்பிடாரி' என்னும் பெயர் பெறும் பிள்ளைக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும்.

எல்லாக் குறட்டையும் நோயன்று. சளி பிடித்த சில நாள்களில் வரும் குறட்டை தானே போய்விடும். உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 1 முதல் 5 பேருக்கு இருப்பதாக மருத்துவர்கள் கணிக்கின்றனர். வாரத்தின் பெரும்பாலான இரவுகளில் குறட்டை, இடையில் மூச்சு நிற்றல், திணறல், எப்போதும் திறந்த வாய், பழகி நின்றபின் மீண்டும் படுக்கையை நனைத்தல், காலையில் தலைவலி, இவற்றோடு பகலில் கவனக்குறைவும் சேர்ந்தால், அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய செய்தி.

நம் மண்ணின் இரவுகள்

உறக்கத்தைக் கெடுப்பது தொண்டைச் சதை மட்டுமன்று. நம் திண்டுக்கல் சமவெளியின் வாழ்க்கை முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை மொட்டை மலருமுன் பறித்தாக வேண்டும். வீட்டார் இருட்டோடு எழுந்து புறப்படும்போது, ஒற்றை அறையில் உறங்கும் பிள்ளையும் விழித்துக்கொள்கிறது. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் மாறி மாறி வரும் பணிமுறைகளால், தாய் ஒரு நேரத்திலும் தந்தை ஒரு நேரத்திலும் வீடு திரும்பும் குடும்பங்கள் பல. மூடிய அறையில் கொசுவர்த்தியின் புகையும், தந்தையின் பீடி, சுருட்டுப் புகையும் பிள்ளையின் மூக்கை வீங்கச் செய்கின்றன. புகை சூழ்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் குறட்டை மிகுதி என்பது பல நாடுகளில் கண்டறிந்த உண்மை.

பிள்ளைகளின் உறக்கத்தை உழைப்புக்காகப் பறித்த வரலாறும் நமக்கு உண்டு. 1881ஆம் ஆண்டின் முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் ஆலையில் உழைக்க இடம் தந்தது. 1891இல்தான் வயது ஒன்பதாகவும் நேரம் ஏழு மணியாகவும் திருத்தப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின் வந்த 1948ஆம் ஆண்டின் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதோரை ஆலை வேலையிலிருந்து விலக்கியது. இருந்தும், 1970களிலும் 1980களிலும் சிவகாசி, சாத்தூர்ப் பகுதித் தீப்பெட்டித் தொழிலுக்காக, சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகள் விடியுமுன்பே எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். பள்ளிக்குப் போக வேண்டிய தலைமுறை ஒன்று, உறக்கத்தையும் படிப்பையும் ஒருங்கே இழந்தது.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். சென்னையில், மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில், ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியை எதிர்த்து அருகிலிருந்த குடியிருப்போர் நலச்சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 அன்று தீர்ப்பு வந்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் கூறவில்லை என்றும், முதியோர், நோயாளிகள், மாணவர், உறங்கும் குழந்தைகள் ஆகியோருக்கு இடையூறு செய்ய சமயத்தின் பெயரால் எவருக்கும் உரிமை இல்லை என்றும் நீதிபதிகள் கூறினர். அதே 2000ஆம் ஆண்டு வெளியான ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. 2012இல், இராம்லீலா மைதான வழக்கில், உறக்கமும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. கோயில் கொடையானாலும், பள்ளிவாசல் விழாவானாலும், நம் பங்கின் தேர்ப்பவனியானாலும், அடுத்த தெருவில் மறுநாள் தேர்வெழுத வேண்டிய பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கலாகாது.

கேட்கப்படாத ஒரு கேள்வி

பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலச் சோதனை நம் நாட்டில் 1909இல் பரோடா நகரில் தொடங்கியது என்பர். 1946இல் போர் குழு, அத்தகைய பணி நாட்டில் ஏறக்குறைய இல்லை என்றே எழுதியது. அந்த நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று, பிறவிக் குறை முதல் கற்றல் குறைபாடு வரை பல வகை நிலைகளுக்காகப் பிள்ளைகளைச் சோதிக்கின்றன. கவனக்குறைவு மிகைச்செயல்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு, காதுநோயும் உண்டு. உறக்கத்தில் மூச்சடைப்பு மட்டும் தொடக்கப் பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. ஆகவே 'கவனக்குறைவு' என்ற கட்டத்தில் ஒரு பிள்ளையின் பெயர் எழுதப்படுமுன், 'இரவில் குறட்டை விடுகிறதா?' என்று தாயிடம் ஒரு கேள்வி கேட்பது பெருநன்மை. அதற்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை.

திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், தொண்டை மருத்துவரைத் தேடி மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும் என்ற நிலை இல்லை. முதலில் பெற்றோர் செய்ய வேண்டியது எளிது. ஒருநாள் இரவு, பிள்ளை உறங்கி ஒரு மணி நேரம் கழிந்தபின், அருகில் அமர்ந்து மூச்சைக் கவனியுங்கள். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் வகுத்துள்ளனர். காலை ஐந்து மணித் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், இரவு பத்து மணிவரை ஓடும் தொலைக்காட்சியையும் கணக்கில் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் மறைக்கல்வி கற்பிப்போருக்கும் ஒரு வேண்டுகோள். தூங்கி விழும் பிள்ளையை எழுப்பி நிற்க வைக்குமுன், அதன் தாயை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். அந்தப் பிள்ளையிடம் சோம்பல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரவில் மூச்சுக்காகப் போராடிவிட்டுக் காலையில் புத்தகப் பையோடு வந்து நிற்கும் பிள்ளைக்குத் தண்டனை ஏன்? அதற்குத் தேவைப்படுவது மருத்துவம். அதுவரை நம் பொறுமை.

வில்லியம் ஹில் எழுதி 130 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவர் எழுதிய நாளில் பள்ளி சென்ற எத்தனையோ பிள்ளைகள், தங்கள் மேல் ஒட்டப்பட்ட பெயரோடேயே வாழ்ந்து மடிந்திருப்பர். நம் வகுப்பறைகளின் பின்வரிசையில் இன்று அமர்ந்திருப்போரில் ஒரு பிள்ளையாவது அந்தப் பெயரிலிருந்து விடுபட்டால், அந்த மருத்துவர்களின் உழைப்பு நம் மண்ணிலும் பலன் தந்ததாகும்.